சுவரில் ஒட்டிய வாத்து

அத்தியாயம் 11

கல்யாணசுந்தரியைக் கொன்ற சுவரில் பாதி இன்னும் நின்றுகொண்டிருந்தது. சத்யபிரியாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. அம்மா போய்ச் சேர்ந்து இன்றோடு பதினைந்து நாள். அந்தச் சுவரோ கடலையூர் ரோட்டில் அம்மா லேபிள் ஒட்டும் வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீஸ் வளாகத்துக்குள் ஒன்றும் நடக்காத மாதிரி வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

அவள் தோளில் தொங்கிய துணிப்பையில் செய்தித்தாளில் சுற்றிய பன்னரிவாள் ஒன்று இருந்தது. மாமா சுந்தரபாண்டியன்தான் பட்டறையில் கொடுத்துத் தீட்டி வாங்கி வந்து தந்தார். "பொட்டப்பிள்ள தனியாப் போற, தற்காப்புக்கு வச்சுக்கோ" என்று வாய் சொன்னது. கண் வேறு சொன்னது. அந்தக் கண் சொன்னதைத்தான் சத்யபிரியா எடுத்துக்கொண்டாள். இந்தச் சுவரைக் கட்டிவிட்டுத் தலைமறைவாகிப்போன கொத்தனார் ஆசீர்வாதத்தை ஒரு தடவை நேரில் பார்த்தால் போதும். உயிர் வேண்டாம். கரண்டி பிடித்த அந்த வலது கை மட்டும் போதும் அவளுக்கு.

அதற்காகத்தான் துப்பறியும் அஞ்சலினிடம் போனாள். அஞ்சலின் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பன்னிரண்டு வருஷம் இடிந்த கட்டடங்களைச் சர்வே எடுத்தவள். பொய் சொல்லாத சாட்சி சுவர் ஒன்றுதான் என்று நம்பி, வேலையை விட்டுவிட்டு ஸ்டேஷன் ரோட்டில் சின்னதாக ஒரு ஆபீஸ் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு உதவியாள் மணிகண்டபிரபு. ஆட்டோ அவனுடையது. வாயும் அவனுடையதுதான், இரண்டுக்கும் பிரேக் கிடையாது.

அஞ்சலின் கைப்பையிலிருந்து ஸ்வெட்டர் பின்னுகிற நீள ஊசி ஒன்றை எடுத்துச் சுவரின் பின்பக்கத்து விரிசலுக்குள் விட்டாள்.

"கோவில்பட்டி வெயிலுக்கு ஸ்வெட்டர் ஊசி வச்சிருக்க ஒரே ஆளு எங்க அக்காதான். அதுவும் மனுசனுக்குப் பின்ன மாட்டாவ, சுவத்துக்குத்தான் பின்னுவாவ" என்றான் மணிகண்டபிரபு.

"வாய மூடிட்டு டார்ச் அடிடா."

ஊசி நாலு விரல் ஆழம் உள்ளே போனது. வெளியே இழுத்தபோது நுனியில் பஞ்சு மாதிரி வெள்ளையாக ஏதோ சுற்றிக்கொண்டு வந்தது.

"என்னக்கா அது?" என்று கேட்டாள் சத்யபிரியா.

"சிலந்தி கூடு. முட்டை வச்சு, குஞ்சு பொரிச்சு, காலி பண்ணிட்டும் போயாச்சு. போலீஸ்ல என்ன சொல்லியிருக்காவ? செவ்வாய்க்கிழமை மழையில திடீர்னு விரிசல் விட்டு விழுந்துட்டுன்னுதான? இந்த விரிசலுக்கு வயசு நாலு மாசத்துக்குக் குறையாது." அஞ்சலின் விரலால் விரிசலைத் தொட்டுக்கொண்டே கீழே இறங்கினாள். "பாரு, எந்தச் செங்கல்லையும் இது உடைக்கல. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல இருக்க கலவை வழியா, படி இறங்குத மாதிரி இறங்கி வந்திருக்கு. இப்படிப் படி இறங்குனா, சுவருக்கு அடியில மண்ணு அசையுதுன்னு அர்த்தம்."

விரிசல் இறங்கிய மூலையில் மட்டும் கோரைப்புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. மேலே தண்ணீர்த் தொட்டியின் கழிவுக்குழாய், அஸ்திவாரத்தின் தலைமாட்டிலேயே வாயைத் திறந்து வைத்திருந்தது. கரிசல் மண்ணைப் பற்றி இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தண்ணீர் பட்டால் வீங்கும், காய்ந்தால் ஆளே விழுகிற அளவுக்கு வாய் பிளக்கும். ஒரே சுவருக்கு ஒரு மூலையில் எப்போதும் ஈரம், மற்ற இடமெல்லாம் காய்ந்த மண் என்றால் எந்தச் சுவர்தான் தாங்கும்?

இடிந்து கிடந்த குவியலில் அஞ்சலின் குனிந்து எதையோ புரட்டினாள். தேங்காய் அளவில் ஒரு கட்டி. சுவரின் பழைய கலவை மணல் நிறத்தில் இருந்தது. இந்தக் கட்டியின் மேல்பூச்சு மட்டும் கருஞ்சாம்பல் நிறம். அதன் மேல் நான்கு விரல்கள் இழுத்த தடம் வரிவரியாக அப்படியே இறுகிப்போயிருந்தது.

"யாரோ கேக்குல கிரீம் தடவியிருக்கான்" என்றான் மணிகண்டபிரபு.

"தடவினது உடையல. அதுக்குப் பக்கத்துல இருந்த செங்கல்லு ரெண்டாப் பொளந்திருக்கு." அஞ்சலின் கட்டியைக் கையில் தூக்கிப் பார்த்தாள். "இதை ஆட்டோவுல ஏத்து."

அப்போதுதான் பின்னாலிருந்து குரல் வந்தது. "அந்தக் குப்பைய எதுக்கும்மா அள்ளுதீங்க?"

சுந்தரபாண்டியன் நின்றுகொண்டிருந்தார். கல்யாணசுந்தரியின் கூடப்பிறந்த தம்பி. அதே ஆபீஸில் போர்மேன். வலது கை விரல்கள் ஐந்தும் துணிக்கட்டுக்குள் இருந்தன. அம்மாவின் சிதைக்குக் கொள்ளி வைத்தபோது சுட்டுக்கொண்ட கை அது. பதினைந்து நாளாகக் காலையும் மாலையும் அவள்தான் அந்த விரல்களுக்கு மருந்து போடுகிறாள். அப்பா இல்லாத வீட்டில் இனி மாமா மட்டும்தான்.

"ஆட்டோவுக்குப் பிரேக் சரியில்ல மாமா. டயருக்கு அண்டக் கொடுக்க ஒரு கல்லு வேணும்லா" என்றான் மணிகண்டபிரபு, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

சுந்தரபாண்டியன் சிரிக்கவில்லை. சத்யபிரியாவின் பக்கம் திரும்பினார். "ஏட்டி, அந்தக் கொத்தன் ஒரு மூடை சிமெண்டுக்குப் பத்து மூடை மணலப் போட்டுக் கட்டிட்டு ஓடிட்டான். அவன மட்டும் கண்டுபிடி. எங்கக்கா ஆத்மா அப்பத்தான் அடங்கும்."

"கண்டுபிடிப்பேன் மாமா."

அஞ்சலின் இதற்குள் நின்ற சுவரின் மூலைக்குப் போய் அடிவரிசையைக் கைவிளக்கால் துழாவிக்கொண்டிருந்தாள். முதல் இரண்டு செங்கற்களுக்கு நடுவில், கலவை ஈரமாக இருக்கும்போதே கரண்டி நுனியால் கீறிய ஒரு சின்னச் சிலுவை. கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும்.

மணிகண்டபிரபு எட்டிப் பார்த்தான். எட்டிப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"அக்கா, இத நான் பாத்திருக்கேன். போன வாரம் கயத்தாறுல லாரி ஷெட்டுக்குப் பின்னால புதுசா ஒரு சுவர் எழும்புது. அங்கன ஒதுங்கப் போனேன். மூலைக்கல்லுல இதே சிலுவை இருந்துச்சு. சிலுவை இருக்கேன்னு வேற பக்கம் போய் ஒதுங்கினேன்."

"நல்லவேளைக்கு உனக்குப் பக்தி இருந்துச்சு."

"தலைமறைவா இருக்கவன் சுவத்துக்குச் சுவர் கையெழுத்துப் போட்டுட்டா போவான்?"

"வேல பாக்குதவன் போடுவான்" என்றாள் அஞ்சலின். "ஏறு வண்டியில."

*

நாற்கரச் சாலையில் ஆட்டோ தெற்கே பறந்தது. சத்யபிரியா பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். சுவர் விழுந்த அன்று பெரியாஸ்பத்திரி பிணவறை வாசலில் நின்றதுதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. அம்மாவை வாங்கிக்கொள்ளக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். மாமா கையைத் துண்டுக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, "என்னால ஏலலட்டி, கை ஓடமாட்டேங்குது, நீயே போட்டுரு" என்று விம்மினார். இருபத்து மூன்று வயதில் அம்மாவின் உடம்புக்கு ரசீது மாதிரி ஒரு கையெழுத்து. அந்தக் கையெழுத்துக்குத்தான் இன்று பதில் வாங்கப் போகிறாள்.

"தங்கச்சி, பை ரொம்பக் கனமா இருக்கே, புல்லு அறுக்கவா போறோம்?" என்றான் மணிகண்டபிரபு கண்ணாடியைப் பார்த்தபடி.

அஞ்சலின் திரும்பவில்லை. "பையில என்ன இருக்குன்னு எனக்கு முத நாளே தெரியும். பிடுங்க மாட்டேன். ஆனா சுவரக் கேட்டது மாதிரி அவனையும் ஒரு வார்த்த கேட்டுட்டு, அப்புறம் நீ முடிவு பண்ணு."

"கேக்க என்னக்கா இருக்கு? கட்டினவன் அவன். விழுந்தது அது. செத்தது எங்கம்மா."

மணிகண்டபிரபு ஆக்ஸிலேட்டரைத் திருகினான்.

லாரி ஷெட்டுக்குப் பின்னால் இடுப்புயரத்துக்குச் சுவர் எழும்பியிருந்தது. அதன் மேல் வரிசையாக ஈரச்சாக்கு போர்த்தியிருந்தது. ஒல்லியாக, ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு ஆள், வாளியிலிருந்து தண்ணீரை மொண்டு மொண்டு சாக்கின் மேல் ஊற்றிக்கொண்டிருந்தார். ஆட்டோ சத்தத்துக்குத் திரும்பியவர் சத்யபிரியாவைப் பார்த்ததும் செம்பைக் கீழே வைத்தார்.

"சுந்தரி மவளா? கண்ணு அப்படியே அவ கண்ணு."

அதற்குள் அரிவாள் வெளியே வந்துவிட்டது. செய்தித்தாள் காற்றில் பறந்தது. "எங்கம்மா பேரச் சொல்லாத! கைய நீட்டுல!"

ஆசீர்வாதம் ஓடவில்லை. ஓடியிருந்தால் வெட்டியிருப்பாள். அவர் கையை நீட்டவும் செய்தார், அதுதான் அவளைக் குழப்பியது.

"வெட்டணும்னா வெட்டு தாயி. ஒண்ணே ஒண்ணு. இந்தச் சுவத்துக்கு இன்னும் அஞ்சு நாளைக்குத் தண்ணி விடணும். விடலன்னா கலவை காஞ்சு, மயிரிழ மயிரிழயா வெடிச்சிரும். என் கைய எடுத்தேன்னா, அந்த அஞ்சு நாளைக்கு நீ வந்து விடுவியா?"

அரிவாள் உயர்ந்தபடியே நின்றது. அஞ்சலின் நடுவே போகவில்லை. ஓரமாகக் கிடந்த செங்கல்லில் உட்கார்ந்துகொண்டு சாவகாசமாகக் கேட்டாள்:

"தீப்பெட்டி ஆபீஸ் சுவத்துக்குத் தண்ணி விட்டீரா அண்ணாச்சி?"

"பத்து நாள் விட்டேன். கல்ல ஊறப்போட்டுத்தான் வச்சேன். காஞ்ச கல்லு கலவையில இருக்க தண்ணியக் குடிச்சிரும், அப்புறம் பிடிப்பு இருக்காது. மண்ணு கலந்த மணல்னு ரெண்டு லோட திருப்பி அனுப்பினேன். ஒண்ணுக்கு ஆறு கலவை. பிசைஞ்சு ஒரு மணி நேரம் தாண்டினதத் திரும்பத் தண்ணி ஊத்திக் கொழைக்க விடல. என் கலவை மேல குத்தம் சொன்னா நான் ஒத்துக்கிட மாட்டேன்." அவர் குரல் இறங்கியது. "ஆனா குத்தம் இருக்கு. கரிசல்ல அடியில கெட்டியான சுக்கான் பாறை தட்டுப்படுத வரைக்கும் தோண்டணும், கிராவல் போட்டு இடிச்சு இறுக்கணும், அறுபதடிச் சுவத்துக்கு நடுவுல ரெண்டு எடத்துல இடைவெளி விடணும்னேன். முதலாளி ராமசுப்பு, மூணடி போதும், ஒரே சுவரா எழுப்புன்னுட்டாரு. அன்னைக்கே நான் கரண்டியக் கீழ போட்டுட்டு வந்திருக்கணும். கூலிக்காரன், கட்டிட்டேன். அதுக்கு வெட்டணும்னா வெட்டு, நான் மாட்டேன்னு சொல்லல."

"அப்புறம் ஏன் ஓடுனீரு?" என்றாள் சத்யபிரியா. 'ஏம்ல ஓடுன' என்று கேட்கத்தான் நினைத்தாள். வாயில் மரியாதை தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

"சுவர் விழுந்த அன்னைக்குச் சாயங்காலமே ரெண்டு பேரு வந்து, உள்ளூர்ல இருந்தா நீயும் சுவத்துக்கு அடியில போயிருவன்னானுவ. நான் ஓடினேன்." ஆசீர்வாதம் அவளை நிமிர்ந்து பார்த்தார். "அது கெடக்கட்டும். அந்த லேபிள் என்னாச்சு?"

"எந்த லேபிள்?"

"உங்கம்மா சொல்லலியா? ஆவணி பொறக்கும்போது, சுவர் வெடிச்சிருக்குன்னு என்னத் தேடி, நான் ஜெபத்துக்குப் போற வேதக்கோயில் வாசலுக்கே வந்துட்டா. சாப்பாட்டு நேரத்துல ஆபீசுக்குள்ள கூட்டிட்டுப் போய்க் காட்டினா. கூட வேல பாக்குத பிள்ளையளுக்கு எதுவும் ஆயிரக்கூடாதேன்னு ஒரே பொலம்பல். நான் சொன்னேன்: விரிசலுக்குக் குறுக்க ஒரு காகிதத்த ஒட்டு, தேதியப் போடு. கிழியாம இருந்தா சுவர் நின்னுட்டுன்னு அர்த்தம். கிழிஞ்சா நடக்குதுன்னு அர்த்தம், யாரும் கிட்ட உக்காராதீங்க. அவ சிரிச்சிக்கிட்டே, காகிதத்துக்கும் பசைக்கும் எங்களுக்கா பஞ்சம்னு சொல்லி, மடியில இருந்து தீப்பெட்டி லேபிள் ஒண்ண எடுத்து ஒட்டினா. வாத்துப் படம் போட்டது."

சத்யபிரியாவின் அரிவாள் எப்போது கீழே இறங்கியது என்று அவளுக்கே தெரியாது. அம்மா அப்படித்தான். கிழிந்த பாடப்புத்தகத்துக்கும், ஒழுகும் வாளிக்கும், காய்ச்சல் வந்த மகளின் மருந்துச்சீட்டுக்கும் லேபிள்தான் ஒட்டுவாள்.

"குழாய்த் தண்ணிய வேற பக்கம் திருப்புங்க, சுவத்துக்கு முட்டுக் கொடுங்க, விரிசல மட்டும் சிமெண்ட் வச்சு அடைச்சிராதீங்கன்னு சொல்ல முதலாளியப் பாக்கப் போனேன். கேட்டுலயே திருப்பி அனுப்பிட்டாவ."

அஞ்சலின் கை காட்டினாள். மணிகண்டபிரபு ஆட்டோவிலிருந்து கட்டியைத் தூக்கி வந்தான். "பிரேக்குக்கு வச்ச கல்லு" என்று முனகிக்கொண்டே ஆசீர்வாதத்தின் முன்னால் வைத்தான்.

ஆசீர்வாதம் கட்டியை ஒரு தட்டுத் தட்டினார். முகம் மாறிப்போனது.

"அடப்பாவி, அடைச்சே அடைச்சிட்டானே. இது என் கலவை இல்ல. மணலே இல்லாத வெறும் சிமெண்ட். செங்கல்லவிடக் கெட்டி. மழை பெஞ்சு மண்ணு வீங்கும்போது சுவர் அசைய ஒரு வழி வேணும்லா? அதுவரைக்கும் அந்த விரிசல் வழியா அசைஞ்சு அசைஞ்சு ஒக்காந்துக்கிட்டிருந்துச்சு. அந்த வழிய இரும்பு மாதிரி அடைச்சாச்சு. மண்ணு தள்ளுது, அடைப்பு விடமாட்டேங்குது. பக்கத்துக் கல்லு பொளந்துட்டு. சொல்லாம கொள்ளாம மொத்தமா விழுந்திருக்கும்."

உளியை வைத்துப் பூச்சுக்கும் செங்கல்லுக்கும் நடுவில் பக்குவமாக ஒரு அடி கொடுத்தார். கட்டி இரண்டாகத் திறந்தது.

உள்ளே ஒரு வாத்து நீந்திக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே ஒரு பம்பரம். அதற்கும் கீழே ஒரு ரேடியோ. மூன்று லேபிள்களும் ஒரே நேர்கோட்டில் நடுவே கிழிந்திருந்தன. ஒவ்வொன்றின் ஓரத்திலும் பென்சிலில் தேதி: 16/8, 4/10, 8/11. ரேடியோவுக்குப் பக்கத்தில் இரண்டு வார்த்தைகள் கூடுதலாக இருந்தன. 'அன்னைக்கே கிழிஞ்சிட்டு.' அம்மாவின் கையெழுத்து.

"எட்டாந்தேதி சனிக்கிழம" என்றாள் அஞ்சலின் மெதுவாக. "சுவர் விழுந்தது பதினொண்ணு, செவ்வாய். அப்ப சனிக்கிழமைக்குப் பிறகுதான் பூசியிருக்காவ. திங்கக்கிழம அத்தன பொம்பளையளும் வேலைக்கு வந்துட்டாவ. நடுவுல இருக்கது ஞாயித்துக்கிழம மட்டும்தான். லீவு நாளு. பூசினவன் கொத்தனார் இல்ல, வெறுங்கையால தடவியிருக்கான். யாருன்னுதான் தெரியல."

"அதுக்கு எதுக்கம்மா துப்பறியணும்?" ஆசீர்வாதம் கட்டியின் மேலிருந்த விரல்தடத்தில் தன் நான்கு விரல்களையும் பொருத்திப் பார்த்தார். "வெறும் சிமெண்ட வெறுங்கையில கொழைச்சுத் தடவியிருக்கான். பழகின நாங்களே வேல முடிஞ்சதும் கையக் கழுவி எண்ணெய் தேய்ப்போம், இல்லன்னா விரலத் தின்னுரும். பழகாதவன் கைன்னா மறுநாளே நுனியெல்லாம் வெந்து பொத்துப்போகும். பேனாவக்கூடப் பிடிக்க முடியாது. மூணு வாரத்துக்கு ஆறாது. தீயில சுட்டது மாதிரிதான் இருக்கும், ஆனா தீ இல்ல. போய் ஊருக்குள்ள யாரு விரல்ல கட்டுப் போட்டிருக்கான்னு பாருங்க."

மணிகண்டபிரபு கட்டியின் இரண்டு பாதியையும் ஒரு சாக்கில் சுற்றினான்.

பிணவறை வாசல். துண்டுக்குள் சுருட்டிய கை. 'கை ஓடமாட்டேங்குது, நீயே போட்டுரு.' அது செவ்வாய்க்கிழமை மாலை. சிதைக்குக் கொள்ளி வைத்தது புதன்கிழமை காலை. புதன்கிழமை நெருப்பு, செவ்வாய்க்கிழமை எப்படிச் சுடும்?

பதினைந்து நாள். காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை. ஒவ்வொரு விரலாக ஊதி ஊதி மருந்து போட்டிருக்கிறாள்.

"அக்கா" என்றாள். தன் குரலே அவளுக்கு அந்நியமாகக் கேட்டது. "வீட்டுக்குப் போவோம். மாமாவுக்கு மருந்து போடுற நேரமாச்சு."

*

அன்று ராத்திரி அஞ்சலின் அவளை வீட்டுக்கு விடாமல், ஊர் கூடும்போது கேட்கலாம் என்று தன் ஆபீஸிலேயே தங்க வைத்தாள். மறுநாள் பதினாறாம் நாள் காரியம். இலுப்பையூரணியில் வீட்டுக்கு முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். சொந்தக்காரர்கள், அம்மாவுடன் வேலை பார்த்த பெண்கள் என்று இருபது பேருக்குக் குறையாது. நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் முதலாளி ராமசுப்பு வெள்ளை வேட்டி கசங்காமல் உட்கார்ந்து துக்கம் விசாரித்துக்கொண்டிருந்தார். சுந்தரபாண்டியன் காப்பி கொடுக்கச் சொல்லி ஆள் ஏவிக்கொண்டிருந்தார். சத்யபிரியாவைப் பார்த்ததும் ஓடி வந்தார்.

"ஏட்டி, ஆளு சிக்கினானா?"

"சிக்கிட்டான் மாமா. உக்காருங்க. மருந்து போடணும்லா."

அவர் நாற்காலியில் உட்கார்ந்து பழக்கப்படி கையை நீட்டினார். சத்யபிரியா அவர் முன்னால் முழங்காலிட்டாள். மருந்து டியூபைப் பக்கத்தில் வைத்தாள். பிறகு பையிலிருந்து பன்னரிவாளை எடுத்தாள். பந்தலில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"நல்லாத் தீட்டிக் கொடுத்திருக்கீங்க மாமா" என்று சொல்லிக்கொண்டே அரிவாள் நுனியைத் துணிக்கட்டுக்குள் விட்டு மேல்நோக்கி ஒரு இழுப்பு இழுத்தாள். தோலில் ஒரு கீறல் இல்லை. கட்டு மட்டும் இரண்டாகப் பிளந்து கீழே விழுந்தது.

விரல்நுனிகள் குழிகுழியாகப் பொத்துப்போயிருந்தன. இத்தனை நாள் அன்போடு பார்த்ததை இன்று முதல் தடவையாகக் கண்ணால் பார்த்தாள். நகங்களின் ஓரத்தில் கருஞ்சாம்பல் கோடு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது எந்த ஊரு சிதைத் தீ மாமா?" என்றான் மணிகண்டபிரபு. "சுட்டதும் இல்லாம, நகத்துக்கு அடியில சிமெண்டும் பூசிட்டுல்லா போயிருக்கு."

சுந்தரபாண்டியன் கையை இழுக்கப் பார்த்தார். சத்யபிரியா மணிக்கட்டை விடவில்லை. நூல் மில்லில் வேலை பார்க்கிற கைக்குப் பிடிமானம் அதிகம். மற்ற கையால், கட்டியிலிருந்து உரித்தெடுத்த லேபிள்களை ஒவ்வொன்றாக அவர் உள்ளங்கையில் வைத்தாள். வாத்து. பம்பரம். ரேடியோ.

"இதுக்கு மேல பூசும்போது எங்கம்மா எழுத்து கண்ணுல படலியா மாமா?"

அம்மாவுடன் லேபிள் ஒட்டிய பாண்டிச்செல்வி கூட்டத்திலிருந்து முன்னால் வந்தாள். "திங்கக்கிழம காலையில நாங்க எல்லாரும் சுவத்த விட்டுத் தள்ளித்தான் உக்காந்தோம். நீருதான் வந்து, எல்லாம் சரி பண்ணியாச்சு, பழைய எடத்துல போய் உக்காருங்கன்னு விரட்டினீரு. சுந்தரி மதினி மட்டும், எந்தம்பி சொன்னாச் சரியாத்தான் இருக்கும்னு முத ஆளாப் போய் உக்காந்தாவ."

சுந்தரபாண்டியன் உடைந்தார். "எனக்குத் தெரியாதுட்டி! விழும்னு தெரியாது! செவ்வாய்க்கிழம ஆய்வுக்கு ஆளு வருது, விரிசல் கண்ணுல பட்டா ஆபீசப் பூட்டிருவாவன்னு சொன்னாரு. கொத்தனாரக் கூப்பிட்டா வெளிய தெரிஞ்சிரும், நீயே அடைச்சிருன்னாரு. கொத்தனார ஆள் விட்டு வெரட்டினதும், பழிய அவன் மேல போட்டுக் கேசக் கொடுன்னு சொன்னதும் அவருதான்."

"அவரு அவருன்னா? பேரு இல்லியா?" என்றாள் அஞ்சலின்.

பொத்துப்போன ஆள்காட்டி விரல் பந்தல் நடுவிலிருந்த நாற்காலியின் பக்கம் திரும்பியது. ராமசுப்பு அதற்குள் எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டி, வாசலுக்கு நடந்துகொண்டிருந்தார். வாசலை அடைத்துக்கொண்டு குறுக்கே ஒரு ஆட்டோ நின்றது.

"வண்டிய எடுல" என்று சீறினார்.

"எடுக்க முடியாது அண்ணாச்சி. பிரேக்கு இறுகிட்டு. ஸ்டேஷன்ல இருந்து ஆளு வந்துக்கிட்டிருக்காவ, அவிய வந்து தள்ளினாத்தான் நகரும்."

பெண்கள் எழுந்து ஒவ்வொருவராக வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார்கள். யாரும் கை ஓங்கவில்லை. ராமசுப்பு பின்வாங்கி அதே பிளாஸ்டிக் நாற்காலியில் மறுபடியும் உட்கார்ந்தார்.

கயத்தாறிலிருந்து வரும் வழியிலேயே அஞ்சலின் ஞாயிற்றுக்கிழமைக் கதையை வாக்குமூலமாக ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள், ஏவியது யார் என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டு. இப்போது அந்தப் பெயரையும் எழுதிச் சத்யபிரியாவிடம் நீட்டினாள். சத்யபிரியா அதை மாமாவின் மடியில் வைத்து, பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

"படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க மாமா."

"வலிக்குதுட்டி. பேனா பிடிக்க முடியாது."

"தெரியும். அன்னைக்கும் முடியலன்னு உங்களுக்காக நான் போட்டேன், எங்கம்மாவ வாங்கிக்கிட. இன்னைக்கு நீங்க போடுங்க."

பேனாவை அந்த விரல்களுக்கு நடுவில் அவளே செருகினாள். வெட்டிப்போட வேண்டும் என்று பதினைந்து நாளாக ஒரு வலது கையைத்தான் கனவு கண்டாள். கை மாறிப்போயிற்று, அவ்வளவுதான். இந்தக் கை இருக்கட்டும். கோர்ட்டில் வந்து சாட்சி சொல்ல இது வேண்டும். சுந்தரபாண்டியன் ஒவ்வொரு எழுத்துக்கும் பல்லைக் கடித்தார். 'சு' போடும்போதே நுனித்தோல் வெடித்துத் தாளில் ஒரு சொட்டு விழுந்தது. சத்யபிரியா கண்ணை எடுக்காமல் முழுப்பெயரும் முடிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடித்ததும் அவர் பேனாவைக் கீழே விட்டுவிட்டுப் பதினைந்து நாள் பழக்கத்தில் கையை அவள் முன்னால் நீட்டினார்.

சத்யபிரியா மருந்து டியூபை எடுத்தாள். மூடியை இறுக்கித் திருகி, பன்னரிவாளோடு சேர்த்துப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.